“தெரியாது” என்று சொல்லத் தெரியுமா?



பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும்பும். “இந்தத் தடவை எங்கீங்கப்பா போறோம்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊட்டிக்குப் போனால் வழியெல்லாம் கூட்டம். கடைவீதிக்குப் போனால் பை காலி. பந்துக்கள் வீட்டுக்குப் போனாலோ, பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைபேசியும் கையுமாய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அப்போது வீட்டம்மாள், “ஏனுங்க, பிள்ளைகளை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா?” என்று கேட்பாள். நல்ல யோசனை. அப்படி யோசிக்கிற குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

புறப்படுமுன் ஒரு கேள்வியை உங்களுக்குள்ளே கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறோமா, பிள்ளைகளோடு கூடப் போகப் போகிறோமா? கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு கலியாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கலியாணம் காலையில் முடிந்துவிட்டது. கோயமுத்தூருக்கு ரயில் இரவில்தான். இடையில் கிடைத்த நேரத்தில் எழும்பூர் காட்சிச்சாலையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம் என்று தீர்மானித்தேன். 1851-ல் தொடங்கிய அந்தக் காட்சிச்சாலையைப் பழைய சென்னை ஜனங்கள் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். உயிருள்ள மிருகங்களைக் காட்டும் இடம் ‘உயிர் காலேஜ்’. சிற்பங்கள், வெண்கலச் சிலைகள், நாணயங்கள், பதம் செய்த பறவைகள், எலும்புக்கூடுகள் என்று கட்டடம் கட்டடமாக இருக்கும். குழந்தைகளுக்கென்றே ஒரு தனிக் கட்டடமும் அந்த வளாகத்தில் உண்டு. நுழைவுச் சீட்டுக்குக் காசு கொடுத்தாயிற்று, இனி ஒன்றையும் விடக்கூடாது என்பது என் எண்ணம். ஒரு கண் கடியாரத்தின் மேல், ஒரு கண் பிள்ளைகளின் மேல்.

யானையின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் என் மூத்த மகன் நின்றுவிட்டான். அவனுக்கு அப்போது ஏழு வயது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, “ஏனுங்கப்பா, இதுக்குத் தும்பிக்கை எங்கீங்க?” என்று கேட்டான். நானும் பார்த்தேன். தும்பிக்கை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றையும் காணோம். மண்டையோட்டின் நடுவில் ஒரு பெரிய குழிதான் இருந்தது. எனக்குப் பதில் தெரியாது. பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். “அது எப்பவோ உடைஞ்சு போயிருக்கும். வா வா, திமிங்கலம் பாக்கோணும்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் பையைக்கூட இறக்கி வைக்காமல், “தும்பிக்கையில எலும்பே கிடையாதுங்களாமா அப்பா. டீச்சர் சொன்னாங்க. உடையலீங்களாமா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு உபகாரமாக இருக்கட்டும் என்றே சொன்னான். நானோ, “அது எனக்குத் தெரியும்டா, சும்மா தமாசுக்குச் சொன்னேன்” என்றேன். முதல் பொய்யை மூட இரண்டாவது பொய்.

அதற்குப்பின் அவன் என்னிடம் கேள்வி கேட்பது குறைந்துபோயிற்று. ஆசிரியையிடம் கேட்டான், நூலகத்தில் தேடினான், பின்னாளில் கம்ப்யூட்டரில் தேடினான். பையனுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அது அடக்கமல்ல என்று எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று.

“இதென்ன அற்ப விஷயம்! யானைத் தும்பிக்கையால் யார் குடி கெட்டது?” என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் யோசிப்போம். பெரியவர் ஒருவரிடம் நான் பொய் சொன்னால், அவர் இன்னும் நாலு பேரைக் கேட்டு, என் வார்த்தையை நிறுத்துப் பார்க்க முடியும். ஏழு வயதுப் பிள்ளையால் அது முடியாது. அவன் தகப்பன் சொன்னதை முழுசாக வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறான். சந்தையில் தராசு வைத்திருக்கிறவனிடம் எடையைக் குறைப்பது குற்றம்தான். தராசே இல்லாமல் நம்மை நம்பிக் கைநீட்டுகிறவனிடம் குறைப்பது அதைவிடக் குற்றம். பொருள் அற்பமானதென்பதால் குற்றம் அற்பமாகிவிடாது.

அந்தப் பொய் ஏன் என் வாயில் வந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று கௌரவம், மற்றொன்று அவசரம்.

முதலில் கௌரவம். தகப்பன் தெரியாது என்று சொன்னால் பிள்ளை மதிக்குமா என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் எல்லாம் தெரிந்தவர் என்பதற்காகப் பிள்ளை நம்மை மதித்தால், அந்த மதிப்புக்கு ஆயுசு எவ்வளவு? பிள்ளை ஐந்தாம் வகுப்பு தாண்டியதும் நம் கணக்கு வெளிப்பட்டுவிடும். உண்மை சொல்லுகிறவர் என்பதற்காக மதித்தாலோ, நமக்குத் தலை நரைத்த பின்னும் அது நிற்கும். அன்றைக்கு நான், “தெரியலையே சாமி, அந்தக் காவல்காரரைக் கேக்கலாம் வா” என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தும்பிக்கை முழுவதும் தசையால் ஆனது, நம் நாக்கைப் போல உள்ளே எலும்பில்லாமலே வளையவும் நீளவும் வல்லது என்பதை அவனோடு சேர்ந்து நானும் அன்றே தெரிந்துகொண்டிருப்பேன்.

அந்த மண்டையோட்டுக் குழியைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. கிரேக்கரின் பழங்கதைகளில், நெற்றி நடுவே ஒற்றைக் கண் உள்ள ராட்சதர்கள் வருகிறார்கள். மத்தியதரைக் கடலில் உள்ள சிசிலி முதலான தீவுகளில் பூர்வ காலத்தில் குள்ள யானைகள் வாழ்ந்தன. அவற்றின் மண்டையோட்டைக் கண்டவர்கள், தும்பிக்கைக் குழியைக் கண் இருந்த குழி என்று எண்ணியே இந்தக் கதையைக் கட்டியிருக்கலாம் என்று ஓதேனியோ ஆபெல் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1914-ல் கருத்துச் சொன்னார். அது ஊகமே. ஆனாலும் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. தெரியாத குழியைக் கண்டதும் தெரியாது என்று சொல்ல மனமில்லாதவன் ஏதாவது ஒன்றைக் கற்பித்துவிடுகிறான். ஒருவன் ராட்சதனைக் கற்பித்தான். நான் உடைந்துபோன எலும்பைக் கற்பித்தேன்.

இனி இரண்டாவது காரணமாகிய அவசரம். எல்லாவற்றையும் காட்டிவிடவேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவனுக்கு, பிள்ளையின் கேள்வி ஓர் இடைஞ்சல். நின்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. ஆகையால் பொய்யே சுலபமாக இருக்கிறது.

மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலியில் பிறந்து, 1907-ல் ரோமாபுரியின் ஏழைப் பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் இல்லம் தொடங்கியவர். 1939-ல் சென்னைக்கு வந்து, யுத்த காலத்தில் நம் பக்கத்துக் கோடைக்கானலிலும் தங்கியிருந்தவர். அவர் ஒருநாள், சுமார் மூன்று வயதுள்ள ஒரு சிறுமி மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்தி விளையாடுவதைக் கண்டார். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். சிறுமி உட்கார்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ எதையும் கவனியாமல் நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துவிட்டு, உறக்கம் தெளிந்தவள்போல் முகமலர்ச்சியோடு நிமிர்ந்து பார்த்தாளாம். பிள்ளையின் கவனம் ஒன்றில் ஊன்றியிருக்கும்போது பெரியவர்கள் குறுக்கிடக்கூடாது என்பது அம்மையாரின் போதனைகளில் முக்கியமானது. நாமோ, அப்படிக் கவனம் ஊன்றி நிற்கும் பிள்ளையைப் பார்த்தால், “எத்தனை நேரம்டா அதையே பாத்துட்டு நிப்பே?” என்கிறோம்.

குழந்தைகளுக்கென்றே காட்சிச்சாலை வேண்டும் என்ற எண்ணம் உலகத்தில் வெகு பழமையானதல்ல. அமெரிக்காவில் புரூக்ளினில் 1899-ல் திறந்ததே முதல் குழந்தைகள் காட்சிச்சாலை என்று சொல்லப்படுகிறது. அதுவரை ‘தொடாதே, பேசாதே’ என்பதே காட்சிச்சாலைகளின் சட்டமாயிருந்தது. பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும், சுற்றிப் பார்க்கட்டும், கேட்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டது இந்தப் புது வழி. கதவு திறந்தாயிற்று. ஆனால் அந்தக் கதவுக்குள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் நாம்தானே? ‘தொடாதே, பேசாதே’ என்ற சட்டத்தை நாமே மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போனால் என்ன பிரயோசனம்?

நம் கோயமுத்தூரில் பிள்ளைகளோடு போகத்தக்க இடங்களுக்குக் குறைவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் வனத்துறை வளாகத்துக்குள் கேஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. கேஸ் என்ற வன அதிகாரியின் முயற்சியால் 1902-ல் ஏற்பட்டது. நம் மலைக்காடுகளின் மரவகைகளையும், பதம் செய்த காட்டு மாட்டையும் அங்கே பார்க்கலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. கொடிசியா பக்கத்தில் மண்டல அறிவியல் மையம் இருக்கிறது. அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரால் விளங்கும் காட்சிச்சாலையும், பழைய மோட்டார் கார்களின் காட்சிச்சாலையும், பிள்ளைகள் தாங்களே இயக்கிப் பார்க்கும் எக்ஸ்பெரிமென்டா என்ற அறிவியல் கூடமும் இருக்கின்றன.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒரே நாளில் மூன்று இடம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். பயணத் திட்டம் போடும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கும்படி வேண்டுகிறேன்.

முதலாவது, எந்த நாளில் திறந்திருக்கும், எத்தனை மணி வரை என்பதை விசாரித்த பிறகே பிள்ளைகளிடம் வாக்குக் கொடுங்கள். பூட்டிய கதவைக் காட்டித் திரும்பக் கூட்டி வருவது பெரியவர்களுக்குச் சிறு ஏமாற்றம், பிள்ளைக்கு அது முறிந்த வாக்கு. வாக்குக் கொடுத்த பின்னர், கடை வேலை, மில் வேலை என்று தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது, எதைப் பார்க்கலாம் என்பதில் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் இருக்கட்டும். மூத்தவளுக்கு மோட்டார் பிடிக்கும், இளையவனுக்கு வண்டு பிடிக்கும். வேகம் வெவ்வேறாக உள்ள பிள்ளைகளை ஒரே கயிற்றில் கட்டி இழுக்காமல், தாய் ஒருவனோடும் தகப்பன் ஒருத்தியோடும் பிரிந்து போய், ஒரு மணி நேரம் கழித்து வாசலில் கூடலாம். தாத்தா பாட்டி வந்தால் இன்னும் நல்லது. பருத்திக்காட்டுப் புழுவைப் பற்றிப் பேரனுக்குச் சொல்ல, காட்டு வேலை செய்த தாத்தாவைவிட யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது, ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். பதில் தெரியாத கேள்விகளை மட்டும் அதில் எழுதுங்கள். அங்குள்ள ஊழியர்களை மரியாதையாகக் கேளுங்கள். பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். மீதியை வீட்டுக்கு வந்து தேடலாம். தகப்பனின் கேள்வியும் அந்த நோட்டில் ஒன்று இருக்கட்டும்.

நான்காவது, திரும்பி வரும் வழியில் பரீட்சை வைக்காதீர்கள். “என்ன பார்த்தே, பத்துச் சொல்லு” என்று பஸ்ஸில் கேட்டால், அடுத்த தடவை அவன் பார்ப்பதற்காக வரமாட்டான், ஒப்பிப்பதற்காக வருவான்.

இதற்குச் சிலர் மறுப்புச் சொல்வார்கள். “பிள்ளை இஷ்டத்துக்கு விட்டால் ஒழுக்கம் கெட்டுப் போகாதா?” நியாயமான கேள்வி. பிள்ளையின் நேரத்தை மதிப்பது வேறு, கட்டுப்பாடில்லாமல் விடுவது வேறு. கண்ணாடியைத் தட்டக்கூடாது, பின்னால் நிற்கும் பிள்ளைக்கும் இடம் விடவேண்டும், பொதுச் சொத்தைக் கெடுக்கக்கூடாது என்பதை அங்கேயே கண்டிப்பாகச் சொல்லித்தரலாம். தன் கேள்வி மதிக்கப்படுவதைக் கண்ட பிள்ளை, பிறருடைய முறையையும் மதிக்கக் கற்றுக்கொள்ளும்.

“சரி, ஒரே பொருளின் முன் அரை மணி நின்றால், கொடுத்த காசுக்கு மீதியைப் பார்க்க வேண்டாமா?” என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையே விடை சொல்லும். 1893-ல் சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்த அவருக்குப் பள்ளிக்கூடப் படிப்பு சொற்பம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளை வாலிப வயதில் கண்டவர், அந்த ஒன்றையே மனதில் வைத்துக்கொண்டார். கோயமுத்தூருக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதை ஒவ்வொரு பாகமாகப் பிரித்து மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். 1937-ல் அவரும் டி. பாலசுந்தரம் அவர்களும் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார்கள். கோயமுத்தூர் மோட்டார் இன்று எத்தனை கிணறுகளில் ஓடுகிறது! நம் பிள்ளைகள் எல்லாரும் நாயுடு ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை விடாமல் பார்க்கிற கண், நூறைத் தாண்டிப் போகிற காலைவிடப் பெரியது என்றே சொல்கிறேன்.

என் மகனுக்கு இப்போது ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். சமீபத்தில் மூவருமாகப் பூச்சி அருங்காட்சியகத்துக்குப் போனோம். பட்டாம்பூச்சிகளின் முன் அவள் நின்றுவிட்டாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங் தாத்தா, தான் புழுவா இருந்தது பட்டாம்பூச்சிக்கு ஞாபகம் இருக்குமுங்களா?” என்று கேட்டாள். பழைய வழக்கம் எளிதில் போகிறதா? “இருக்காது” என்று சொல்ல நாக்கு எழும்பிவிட்டது. அடக்கிக்கொண்டு, “தெரியலையே கண்ணு” என்றேன். மகன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக் கேள்வியை எழுதினான்.

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து தேடினார்கள். 2008-ல் அமெரிக்காவில் விஞ்ஞானிகள், விட்டில் இனத்துப் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி, அதை வெறுத்து விலகும்படி பழக்கினார்களாம். புழுப் பருவத்தின் கடைசியில் கற்ற அந்தப் பாடத்தை, கூட்டுக்குள் உடம்பு அடியோடு மாறி விட்டிலாகி வந்த பின்னும் பல மறக்கவில்லையாம். பேத்தி ஓடி வந்து எனக்குச் சொன்னாள். நான் “இருக்காது” என்று சொல்லியிருந்தால், மறுபடி ஒரு பொய்யனாகியிருப்பேன்.

அவள் தூங்கப் போன பிறகு மகனிடம், “அந்த எழும்பூர் யானை ஞாபகம் இருக்குதா? அன்னைக்கு எனக்குத் தெரியாதுப்பா. தமாசுன்னு சொன்னதும் பொய்” என்றேன். முப்பது வருஷம் தாமதமான வார்த்தை. “எனக்குத் தெரியுங்கப்பா” என்று சிரித்தான். பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு போய்வாருங்கள். சோறும் தண்ணீரும் கட்டிக்கொள்ளும்போது, ‘தெரியாது’ என்ற ஒரு வார்த்தையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லவேண்டிய இடம் ஒன்றாவது அங்கே வரும். வந்தால், தயங்காமல் சொல்லுங்கள். பிறகு, பிள்ளை நிற்கிற இடத்தில் நீங்களும் சற்று நில்லுங்கள்.